மனித உருவ ரோபோவுக்கு ஒரு முழங்கால்: ஆக்சுவேட்டர் வடிவமைப்பு, ஆரம்பத்திலிருந்து

ரோபோ ஒன்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடி அசையாமல் நிற்கிறது. இயற்பியல் கணக்கில் அது செய்யும் வேலை பூஜ்யம். ஆனால் முழங்கால் மோட்டாரில் கை வைத்தால் சுடுகிறது. எடையைத் தாங்க முறுக்குவிசை வேண்டும், முறுக்குவிசைக்கு மின்னோட்டம் வேண்டும், மின்னோட்டம் ஓடினால் செப்புக் கம்பி சூடாகும். மூட்டு நகர்கிறதா, சும்மா நிற்கிறதா என்பதெல்லாம் கம்பிக்குத் தெரியாது. நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்வதுபோல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், உங்கள் தொடையும் இதையே சொல்லும்.

மோட்டார், கியர், பேரிங், கோணத்தை அளக்கும் என்கோடர், மோட்டாருக்கு மின்னோட்டத்தைப் பங்கிட்டுத் தரும் டிரைவர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய மூட்டைத்தான் ஆக்சுவேட்டர் என்கிறோம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து தொடங்குகிறார்கள். விற்பனைப் பட்டியலில் ‘உச்ச முறுக்குவிசை’ என்ற வரி பெரிதாக இருந்தால் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் பல மோட்டார்களில் சில நொடிகளுக்கு மட்டுமே செல்லும்; தொடர்ந்து தரக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே நல்ல மோட்டார். அதனால் இங்கே வேறு வரிசையில் போவோம்: முதலில் மூட்டுக்கு என்ன தேவை, அப்புறம் வெப்பம், அதிலிருந்து கியர் விகிதம், அதாவது மூட்டு ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. மோட்டாரின் பெயர் கடைசியில் வந்தால் போதும். ஒரே ஒரு முழங்காலை எடுத்துக்கொண்டு கணக்கோடு போவோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

மூட்டின் தேவையை எழுதிவையுங்கள்

நம் ரோபோ 30 கிலோ. தொடை 0.3 மீட்டர், கணுக்கால் வரை கீழ்க்கால் 0.3 மீட்டர். பாதத்தோடு சேர்த்து ஒரு கீழ்க்கால் 2 கிலோ.

ரோபோ ஒற்றைக் காலில், முழங்காலை 90 டிகிரி மடக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடை 45 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், கீழ்க்கால் 45 டிகிரி முன்னால். உடலின் எடை கணுக்காலுக்கு நேர் மேலே இறங்குகிறது. முழங்காலுக்கும் அந்த எடைக்கோட்டுக்கும் இடையே உள்ள கிடைத்தூரம் 0.3 × சைன் 45, அதாவது 0.21 மீட்டர். தாங்கும் காலின் கீழ்ப்பகுதியைக் கழித்தால் மேலே இருப்பது 28 கிலோ, அதாவது 274 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் 58 நியூட்டன் மீட்டர்.

நடக்கும்போது இவ்வளவு மடக்கத் தேவையில்லை. 30 டிகிரி மடக்கினால் கிடைத்தூரம் 0.3 × சைன் 15, சுமார் 0.08 மீட்டர். அப்போது 21 நியூட்டன் மீட்டர் போதும். இவை அசையாமல் நிற்கும் கணக்கு. காலை ஊன்றும்போதும் உடலை மேலே தள்ளும்போதும் கூடுதல் விசை வரும். நடைக்கு 30, உச்சத்துக்கு 58-ஐ ஒன்றரை மடங்காக்கி 90 என்று வைப்போம். குதிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் இந்த ஒன்றரை போதாது.

வேகம்: மனிதர் இயல்பாக நடக்கையில், கால் காற்றில் வீசப்படும் கட்டத்தில் முழங்கால் வினாடிக்கு 6, 7 ரேடியன் வரை போகிறது. தடுமாறும்போது காலை அவசரமாக எடுத்து வைக்க இன்னும் வேண்டும். 10 ரேடியன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்கில் 95 சுற்று.

கணுக்காலுக்கும் ஒரு வரி: மனித நடையில் கணுக்கால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.5 நியூட்டன் மீட்டர் வரை தருகிறது. 30 கிலோ ரோபோவுக்கு அது 45. சிறிய மூட்டு என்று கணுக்காலைக் குறைத்து எடைபோட்டுவிடாதீர்கள்.

சூட்டுக்குச் சராசரி உதவாது

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே முறுக்குவிசையின் சாதாரணச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை, சராசரி இருமடிமூலம், அதாவது ஆர்எம்எஸ் மதிப்பு வேண்டும்.

ஒரு நடைச் சுழற்சி 1 வினாடி. அதில் 0.6 வினாடி கால் தரையில், 30 நியூட்டன் மீட்டர். 0.4 வினாடி காற்றில், 5 நியூட்டன் மீட்டர். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் 540 + 10 = 550. அதன் வர்க்கமூலம் 23.5. சாதாரணச் சராசரி 20 என்றே வந்திருக்கும். இங்கே வித்தியாசம் சின்னதுதான். குதிக்கிற, ஓடுகிற ரோபோவில் உச்சங்கள் கூர்மையாக இருப்பதால் அது பெரிதாகிவிடும்.

இப்போது நம் கையில் மூன்று எண்கள்: தொடர்ந்து 23.5, உச்சம் 90, வேகம் 10. இவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இவற்றோடு ஒப்பிட்டாக வேண்டும்.

மோட்டாரைப் படிக்கத் தேவையான எண்கள்

கால் மூட்டுகளுக்கு வழக்கமாக எடுப்பது தட்டையான, விட்டம் பெரிய, வெளி ஓடு சுழலும் பிரஷ்லெஸ் மோட்டார். காரணம் எளிது. காந்தங்கள் மையத்திலிருந்து தள்ளி இருக்க இருக்க அதே விசைக்கு அதிக முறுக்குவிசை கிடைக்கும். விட்டம் கூடினால் சுற்றளவும் கூடுவதால் காந்தத்துக்கும் கம்பிக்கும் இடமும் கூடுகிறது. அதே நீளத்தில் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் முறுக்குவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

பட்டியலில் கேவி என்று ஓர் எண் இருக்கும். கேவி 100 என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 100 சுற்று. 8.27-ஐ கேவியால் வகுத்தால், ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்ற முறுக்குவிசை மாறிலி வரும். கேவி 100 உள்ள நம் உதாரண மோட்டாருக்கு 0.0827. சில இடங்களில் 8.27-க்குப் பதில் 9.55 என்று பார்ப்பீர்கள். இரண்டும் சரிதான், மின்னோட்டத்தை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. மோட்டாரின் சுழலும் பகுதி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து மின்னோட்டம் செலுத்தும் எஃப்ஓசி முறையில் ஓடும் டிரைவர்கள் பெரும்பாலும் காட்டும் மின்னோட்டத்துக்கு 8.27 பொருந்தும். கலந்துவிட்டால் கணக்கு 15 சதவீதம் தப்பும்.

அடுத்தது மின்தடை. மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டுக்கு இடையே அளப்பது. 0.1 ஓம் போன்ற சிறிய மதிப்பைச் சாதாரண மல்டிமீட்டர் ஒழுங்காகக் காட்டாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையிலிருந்து இரண்டு கம்பிகளின் வழியே 5 ஆம்பியர் செலுத்தி, மோட்டாரின் முனையிலேயே வோல்ட்டை அளந்துவிடுங்கள். 0.5 வோல்ட் வந்தால் 0.1 ஓம். நம் மோட்டாருக்கு அதையே வைப்போம்.

மோட்டார் தரும் வெப்பம் = 0.75 × மின்னோட்டத்தின் வர்க்கம் × இந்த மின்தடை. இந்தச் சூத்திரமும் 8.27-ம் சேர்ந்தே வர வேண்டும், ஒன்றை இங்கிருந்தும் மற்றொன்றை அங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

கியர் விகிதம்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

இதே மோட்டாரை வைத்து 9, 20, 100 என மூன்று விகிதங்களைப் பார்ப்போம். மின்சாரம் 48 வோல்ட்.

விகிதம் 9, கியரின் பயனுறுதிறன் 90 சதவீதம். 23.5 நியூட்டன் மீட்டருக்கு மோட்டார் 2.9 தர வேண்டும். அதற்கு 35 ஆம்பியர். வெப்பம் 92 வாட். விசிறி இல்லாத ஒரு மூடிய கூட்டுக்குள் 92 வாட் என்பது நடக்காத காரியம். சில நிமிடங்களில் மோட்டார் கைவிட்டுவிடும்.

விகிதம் 20, அதே பயனுறுதிறன். மோட்டார் 1.3 தந்தால் போதும், 16 ஆம்பியர். வெப்பம் 19 வாட். அலுமினியக் கூடு இதைத் தாங்கும். வேகம் பார்ப்போம்: 95 × 20 = நிமிடத்துக்கு 1900 சுற்று. 48 வோல்ட்டில் இந்த மோட்டார் 4800 வரை போகும் என்பதால் தாராளம். 90 நியூட்டன் மீட்டர் உச்சத்துக்கு 60 ஆம்பியர், வெப்பம் 270 வாட். ஓரிரு நொடி என்றால் பரவாயில்லை.

விகிதம் 100. பயனுறுதிறன் 70 சதவீதம் என்று வைத்தாலும் வெப்பம் 1.2 வாட்தான். அப்படியானால் 100-ஐ எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் தடை வேகம்: 9500 சுற்று வேண்டும், மோட்டாரால் முடியாது. கேவி அதிகமான மோட்டாரைப் போட்டு அதைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத தடை நிலைமம்.

மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டரில் வளையம் 100 கிராம், ஆரம் 40 மி.மீ என்று கொள்வோம். அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.1 × 0.04 × 0.04 = 0.00016. வெளியே முழங்கால் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விகிதத்தின் வர்க்கத்தால் பெருகித் தெரியும். விகிதம் 9 என்றால் 0.013. விகிதம் 20 என்றால் 0.064. விகிதம் 100 என்றால் 1.6. ஒப்பிட, 2 கிலோ கீழ்க்காலை ஒரு சீரான தண்டாக எடுத்துக்கொண்டால் முழங்காலைச் சுற்றி அதன் நிலைமம் 0.06. அதாவது விகிதம் 20-இல் ரோட்டர் இன்னொரு கீழ்க்காலைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். விகிதம் 100-இல் இருபத்தேழு கீழ்க்கால்கள்.

பாதம் தரையில் மோதும் கணத்தில் இத்தனையும் சேர்ந்து நிற்க வேண்டும். அந்த அடி முழுவதும் கியர்ப் பற்கள் வழியாகத்தான் போகும். தரை தள்ளுவதை மோட்டார் மின்னோட்டத்திலிருந்து உணர்வதும் நடக்காது, ரோட்டரின் சொந்தக் கனமும் உராய்வும் அதை விழுங்கிவிடும். 100 பக்கம் போன பழைய ரோபோக்கள் இதற்காகப் பாதத்தில் தனியாக விசை உணரிகளை வைத்துக்கொண்டன. 2000-இல் வந்த ஹோண்டாவின் அசிமோ அந்த வகை. மறுமுனையில், எம்ஐடியின் 9 கிலோ நாலுகால் ரோபோ மினி சீட்டா வெறும் 6 என்ற விகிதத்தோடு பின்பல்டி அடித்தது. அதன் ஆக்சுவேட்டர் ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கும் குறைவு, உச்சம் 17 நியூட்டன் மீட்டர். நடுவே மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: கியருக்கும் மூட்டுக்கும் இடையே வேண்டுமென்றே ஒரு ஸ்பிரிங்கை வைப்பது. எம்ஐடியில் கில் பிராட்டும் மேத்யூ வில்லியம்சனும் 1995-இல் முன்வைத்தது. அடியையும் உள்வாங்கும், ஸ்பிரிங்கின் சுருக்கத்தை அளந்தால் விசையும் தெரியும். ஆனால் கட்டுப்பாட்டு நிரல் சிக்கலாகும், முதல் ரோபோவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கருத்து: கால்களுக்கு 6-லிருந்து 20-க்குள் இருங்கள். வெப்பம் தாங்கவில்லை என்றால் விகிதத்தைக் கூட்டுவதற்கு முன் மோட்டாரின் விட்டத்தைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். கைகளும் இடுப்புத் திருப்பமும் தரையில் மோதுவதில்லை, அங்கே 50, 100 எல்லாம் தாராளமாகப் போடலாம். நம் முழங்காலுக்கு 20.

எந்த வகைக் கியர்

கோள்வகைக் கியர், பட்டறை மொழியில் பிளானட்டரி, மலிவானது, அமைதியானது, செய்யவும் எளிது. நடுவில் சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே உட்பக்கம் பல் வைத்த வளையம். வளையத்தின் பற்களைச் சூரியப் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து 1 கூட்டினால் விகிதம். சூரியன் 12, கோள் 24, வளையம் 60 என்றால் விகிதம் 6. இரண்டைச் சரிபார்க்க வேண்டும். சூரியனோடு கோளை இருமுறை கூட்டினால் வளையம் வர வேண்டும்: 12 + 48 = 60, சரி. சூரியனையும் வளையத்தையும் கூட்டிக் கோள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் முழு எண் வர வேண்டும்: 72-ஐ 3-ஆல் வகுத்தால் 24, சரி. இரண்டாவதை மறந்தால் வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கும், கோர்க்கும்போது மூன்றாவது கோள் உள்ளே போகாது. ஒரே அடுக்கில் 10 வரை நடைமுறை, 20 வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் பற்களுக்கிடையே ஆட்டத்தைக் கூட்டும். இடுப்பில் அரை டிகிரி ஆட்டம் இருந்தால், 0.6 மீட்டர் காலின் நுனியில் 5 மி.மீ ஆட்டம்.

சைக்ளாய்டல் கியரை 1920-களில் ஜெர்மனியின் லோரென்ஸ் பிராரன் உருவாக்கினார். வட்டமாக நிற்கும் ஊசிகளுக்குள் அலைவிளிம்புத் தட்டு ஒன்று மையம் விலகி உருளும். 21 ஊசி, 20 மடிப்பு என்றால் ஒரே அடுக்கில் விகிதம் 20. ஒரே நேரத்தில் பல ஊசிகள் சுமையைப் பகிர்வதால் அடியை நன்றாகத் தாங்கும். தட்டு மையம் விலகிச் சுற்றுவதால் அதிரும். எதிரெதிர்த் திசையில் இரண்டு தட்டுகளை வைத்தால் அது பெரும்பாலும் அடங்கும். பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்தாலும் ஓரளவு உழைக்கும் என்பது இன்னொரு வசதி. பெர்க்லி ஹியூமனாய்டு லைட் என்ற திறந்த வடிவமைப்பு ரோபோ அச்சிட்ட சைக்ளாய்டல் கியர்களில்தான் நடக்கிறது. நம் முழங்காலுக்கு நான் இதையே எடுப்பேன்.

ஹார்மோனிக் டிரைவ் 1950-களில் வால்டன் மஸ்ஸரின் கண்டுபிடிப்பு. மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்று நீள்வட்டமாக நெளிந்து வெளி வளையத்துக்குள் சுற்றுகிறது, அதில் வளையத்தைவிட இரண்டு பல் குறைவு. கிண்ணத்தில் 200, வளையத்தில் 202 என்றால் விகிதம் 100. ஆட்டம் கிட்டத்தட்ட இல்லை, எடையும் குறைவு. தோள், மணிக்கட்டுக்கு அருமை. ஆனால் பலமாக அடி விழுந்தால் பல் தாவும், அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை நம்ப முடியாது. விலையும் கடிக்கும்.

சுழற்சியே இல்லாமல் நேராகத் தள்ளும் வகையும் உண்டு. மோட்டார் உருளைகள் பதித்த ஒரு திருகை, அதாவது ரோலர் ஸ்குருவை, சுற்றுகிறது, தண்டு நீள்கிறது, நெம்புகோல் வழியாக மூட்டு மடங்குகிறது. திருகின் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ, நெம்புகோல் 50 மி.மீ என்றால் அது 63 என்ற கியர் விகிதத்துக்குச் சமம். மூட்டு மடங்க மடங்க நெம்புகோலின் பயன்நீளம் மாறுவதால் இந்த விகிதமும் மாறும். டெஸ்லா 2022-இல் தன் மனித உருவ ரோபோ ஆப்டிமஸைக் காட்டியபோது உடலுக்கான 28 ஆக்சுவேட்டர்களை ஆறே வகைக்குள் அடக்கியிருந்தது, மூன்று சுழல், மூன்று நேர்கோடு. நேர்கோட்டு வகை ஒன்று அரை டன் பியானோவைத் தூக்குவதையும் காட்டினார்கள். புதியவர்கள் இதில் கவனிக்க வேண்டியது பியானோவை விட அந்த ஆறு என்ற எண்ணைத்தான். இருபது மூட்டுக்கு இருபது வடிவமைப்பு வேண்டாம், பெரியது ஒன்று சிறியது ஒன்று என்று இரண்டோடு நிறுத்துங்கள்.

எண்ணெய் அழுத்தத்தால் மூட்டை அசைக்கும் ஹைட்ராலிக்ஸ் பற்றிக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அதன் பெரிய பெயரான பாஸ்டன் டைனமிக்ஸின் அட்லஸே 2024 ஏப்ரலில் ஹைட்ராலிக் வடிவத்துக்கு விடைகொடுத்து முழு மின்சார வடிவத்துக்கு மாறிவிட்டது. எண்ணெய்க் கசிவோடு போராட விருப்பமில்லை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கூடு, பேரிங், காந்தம்

கீழ்க்காலைத் தாங்கும் வெளிப் பேரிங் மோட்டாரின் சொந்தப் பேரிங்காக இருக்கக் கூடாது. காலைப் பக்கவாட்டில் நெம்பும் விசை அதை நாசமாக்கும். வெளிப்புறத்தில், எல்லாத் திசை விசையையும் ஒன்றே தாங்கும் ஒரு கிராஸ் ரோலர் பேரிங், அல்லது இடைவெளி விட்டு இரண்டு சாதாரணப் பேரிங்.

கூட்டை அலுமினியத்தில் செய்யுங்கள். மோட்டாரின் கம்பி சுற்றிய பகுதி அலுமினியத்தோடு இறுக்கமாகப் பதிய வேண்டும், இடையில் வெப்பம் கடத்தும் பசை. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், மோட்டாரை ஒட்டி அது வேண்டாம்.

காந்தங்களின் தரத்தையும் பாருங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கலாம், பழைய வலு திரும்பியும் வராது. எஸ்எச் என்று முடியும் தரம் 150 டிகிரி வரை தாங்கும். செப்பும் தன் பங்குக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் மின்தடையைக் கூட்டும். 80 டிகிரி ஏறினால் 31 சதவீதம். சூடு மின்தடையைக் கூட்டுகிறது, மின்தடை சூட்டைக் கூட்டுகிறது. அதனால் மேலே போட்ட 19 வாட் கணக்கை 25 என்று திருத்திக்கொள்வது நல்லது.

என்கோடர் இரண்டு

ஒன்று ரோட்டரில். எந்தக் கணத்தில் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் என்று டிரைவர் முடிவு செய்ய இது வேண்டும். 14 பிட் காந்த என்கோடர் ஒரு சுற்றை 16384 பங்காகப் பிரிக்கும், போதுமான நுட்பம். தொல்லை வருவது பொருத்துவதில். சின்னக் காந்தம் தண்டின் மையத்தில் சரியாக உட்கார வேண்டும். நம் மோட்டாரில் 42 காந்தம், அதாவது 21 துருவ ஜோடி என்று வையுங்கள். என்கோடர் 1 டிகிரி தப்பாகச் சொன்னால் மின் கோணத்தில் அது 21 டிகிரி பிழை. முறுக்குவிசையில் 7 சதவீதம் அங்கேயே போய்விடும், மீதி மின்னோட்டம் வெறும் சூடு.

இன்னொன்று கியருக்கு வெளியே, மூட்டில். விகிதம் 20 என்றால் ரோட்டர் ஒரே இடத்தில் இருக்கும்போது மூட்டு இருபது நிலைகளில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். மின்சாரம் போட்டவுடன் கால் எங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குத் தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது என்கோடர் தேவை. செலவைக் குறைக்க இதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் கையால் காலை நேராக்கித் தொடங்குபவர்கள் உண்டு. அவசரத்தில் ஒருநாள் மறப்பார்கள்.

டிரைவரும் கம்பியும்

டிரைவரை நீங்களே வடிவமைக்க வேண்டாம். ஓடிரைவ், மோட்டியஸ், சிம்பிள்எஃப்ஓசி என்று நன்றாகப் பழகிய தெரிவுகள் இருக்கின்றன. 48 வோல்ட்டுக்கும் 60 ஆம்பியருக்கும் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள்.

தொடர்புக்குப் பொதுவாகக் கேன் பஸ், பல சாதனங்கள் ஒரே கம்பி ஜோடியில் செய்தி பரிமாறும் முறை. மினி சீட்டா பழக்கிய கட்டளை வடிவம் இன்று பலரும் பின்பற்றுவது: நிலைக்கு 16 பிட், வேகம், விறைப்பு (ஸ்பிரிங் போல் நிலைக்கு இழுப்பது), தணிப்பு (அசைவை அடக்குவது), கூடுதல் முறுக்குவிசை நான்குக்கும் தலா 12 பிட். மொத்தம் 64, கேனின் ஒரு செய்தியில் அச்சாக உட்காரும். நொடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் அப்படி ஒரு செய்திக்கு ஏறக்குறைய 0.12 மில்லிநொடி ஆகும். ஒரு காலின் ஆறு மோட்டாரையும் ஒரே கம்பியில் கோர்த்தால், போக வர 12 செய்தி, ஒன்றரை மில்லிநொடி. நொடிக்கு 500 முறை கட்டளை அனுப்பலாம், 1000 முறை முடியாது. வேண்டுமென்றால் மூன்று மூன்றாகப் பிரியுங்கள்.

இரண்டு பாதுகாப்பு அமைப்புகளை முதல் நாளே போட்டுவிடுங்கள். கட்டளை நின்றுபோனால் 100 மில்லிநொடிக்குள் டிரைவர் தானாக மோட்டாரைத் தணிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பிச் சுருளுக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் ஒரு தெர்மிஸ்டரைப் புதைத்து, 100 டிகிரியில் மின்னோட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கூட்டின் வெளியே ஒட்டிய தெர்மிஸ்டர் சூட்டைத் தாமதமாகவே சொல்லும்.

இன்னொன்று, மேசையில் சோதிக்கும்போது பலரைக் கவிழ்ப்பது. ரோபோ குந்தும்போது எடை மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. பேட்டரி அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். சாதாரண பவர் சப்ளை வாங்காது. வோல்ட் ஏறி டிரைவர் நின்றுவிடும், நிற்காத டிரைவர் கருகும். பவர் சப்ளையில் ஓட்டுவதானால், அந்த மின்சாரத்தைச் சூடாக்கிக் கழிக்கும் பிரேக் ரெசிஸ்டர் கட்டாயம்.

மேசையில் சோதனை

கூட்டை மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மூட்டில் அரை மீட்டர் தண்டு ஒன்றைப் பொருத்துங்கள். தண்டு வீசும் வட்டத்துக்குள் தலையோ கையோ இருக்கக் கூடாது, மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்.

முதலில் முறுக்குவிசை. தண்டு கிடையாக இருக்கும் இடத்தருகே, நுனியில் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்குங்கள். எத்தனை ஆம்பியர் என்று குறியுங்கள். அதே எடையை அதே வேகத்தில் மெதுவாக இறக்கி மீண்டும் குறியுங்கள். தூக்க 10, இறக்க 7.8 என்று வந்தால், இரண்டின் நடுமதிப்பு 8.9 எடையைத் தாங்கத் தேவையானது. வித்தியாசத்தில் பாதி, 1.1 ஆம்பியர், உராய்வுக்குப் போவது. மூட்டுப் பக்கத்தில் அது 1.8 நியூட்டன் மீட்டர். 3 கிலோவும் அரை மீட்டரும் சேர்ந்தால் 14.7 நியூட்டன் மீட்டர். அதை 20-ஆலும் 8.9-ஆலும் வகுத்தால் 0.0826. கணக்கில் போட்ட 0.0827-க்கு அருகில் வந்துவிட்டது, சரி. தண்டின் சொந்த எடையையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். எண் மிகவும் குறைவாக வந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் என்கோடர் காந்தத்தின் மையத்தைப் பாருங்கள்.

அடுத்து வெப்பம். 23.5 நியூட்டன் மீட்டரில் மூட்டை அசையாமல் பிடித்து அரைமணி நேரம் விடுங்கள். நகர்த்தாமல் பிடிப்பதுதான் கடுமையான சோதனை. மோட்டார் சுற்றும்போது மூன்று கம்பிச் சுருள்களும் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். நிற்கும்போது, ரோட்டர் எந்தக் கோணத்தில் மாட்டியது என்பதைப் பொறுத்து, ஒரே சுருள் சராசரியைப் போல் இரண்டு மடங்கு வெப்பத்தைச் சுமக்கக்கூடும். தெர்மிஸ்டர் எந்தச் சுருளில் இருக்கிறதோ அதை மட்டும்தான் சொல்லும். ஆகவே மூட்டைச் சில டிகிரி மாற்றி மாற்றி இதே சோதனையைத் திரும்பச் செய்து, வந்ததில் மோசமான எண்ணை எழுதுங்கள். 100 டிகிரிக்குள் நின்றால் தேறியது. தாண்டினால் முதலில் வெப்பப் பசையையும் கூட்டின் பதிவையும் சரிபாருங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

கடைசியாக அடி. செங்குத்துத் தண்டவாளம் ஒன்றில் தொடை, முழங்கால், கீழ்க்கால் மூன்றையும் பொருத்தி, மேலே ரோபோவின் பாதி எடையைக் கட்டுங்கள். விறைப்பைக் குறைவாக வைத்து 5 செ.மீ உயரத்திலிருந்து விடுங்கள், அப்புறம் 10. ஒவ்வொரு உயரத்திலும் இருபது முப்பது முறை விழட்டும். பிறகு கியரைத் திறந்து எண்ணெயைத் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஊசிகளையும் தட்டின் விளிம்பையும் பாருங்கள். எல்லா மடிப்புகளிலும் சீராகப் பளபளப்பு ஏறியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மையம் தப்பியிருக்கிறது, கூட்டைத் திரும்பக் கடைய வேண்டும். ஊசியில் குழி விழுந்திருந்தால் ஊசியின் விட்டத்தைக் கூட்டுங்கள், அல்லது விகிதத்தை 16-க்கு இறக்கி வெப்பக் கணக்கை மறுபடி போடுங்கள். இடது காலுக்கான பாகங்களுக்கு ஆர்டர் கொடுப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.